சம்பந்திக் கரும்பு

மூக்கைப் பொத்திக்கிட்டீங்களா தம்பி? பொத்திக்குங்க, பொத்திக்குங்க. இந்த எடத்துக்கு வந்தா பஸ்ஸுல அத்தினி பேரும் அப்படித்தான். சர்க்கரை ஆலைக் கழிவுத்தண்ணி வாடை. புதுசா வர்றவங்களுக்குக் கொடலைப் பொரட்டும்னு சொல்லுவாங்க. எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. கொரோனா வந்து போனதுலேர்ந்து மூக்கு செத்துப்போச்சு. மல்லிப்பூவும் ஒண்ணுதான், மாட்டுச் சாணியும் ஒண்ணுதான். ஒரு வகையில சொகம்னு வெச்சுக்குங்களேன்.

முன்னால எட்டிப் பாருங்க. கரும்பு டிராக்டரு வரிசை கட்டி நிக்குது. ஆலை கேட்டு வரைக்கும் இப்படித்தான் நிக்கும். அது நவுந்து நம்ம பஸ்ஸு போறதுக்குள்ள நான் என் கதையையே சொல்லி முடிச்சிடலாம். சிரிக்கிறீங்க. நெசமாத்தான் சொல்றேன்.

காலை மட்டும் கொஞ்சம் அந்தாண்ட வெச்சுக்குங்க. சீட்டுக்குக் கீழ சாக்கு இருக்குது. மிதிச்சா பரு ஒடைஞ்சிடும். மூஞ்சியில வர்ற பரு இல்ல, கரும்புக் கணுவுல இருக்கறது. அதுலேர்ந்துதான் மொளை வரும். உள்ள இருக்கறது வெதைக்கரும்பு. கரணை கரணையா நறுக்கி, ஈரச் சாக்குல சுத்தி எடுத்தாரேன். கண்டக்டரு மேல தூக்கிப் போடுன்னான். வெயில்ல போட்டா வெந்துடும்ப்பா, உள்ள இருக்கறது எம் பொண்ணோட வாழ்க்கைப்பான்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டான்.

பொண்ணு குடுத்த வூட்டுக்குத்தான் போறேன். வெள்ளையங்குப்பம். அவ வேணாம்னுதான் சொன்னா. அவ சொல்லுவா.

நான் கரும்பு ஆராய்ச்சிப் பண்ணையில வாட்ச்மேன். வைத்திலிங்கம்னு கேட்டா அங்க நாய்கூட வழி காட்டும். வாட்ச்மேன்னா கேட்டுல ஒக்காந்து பீடி குடிக்கிற வேலைன்னு நெனைக்காதீங்க. அங்க நடக்கறது அத்தினியும் எனக்குத் தெரியும். கரும்புக்குச் சம்பந்தம் பேசற எடம் தம்பி அது. கரும்பு பூக்கும், பாத்திருக்கீங்களா? வெள்ளையா, கொக்கு எறகாட்டம். ஒரு ரகத்துப் பூவையும் இன்னொரு ரகத்துப் பூவையும் சேத்துக் கட்டி, மேல துணி மூடி வெப்பாங்க. அப்பன்காரன் நோவு தாங்கறவன், ஆயிக்காரி இனிப்புக்காரி. புள்ளை ரெண்டையும் கொண்டாரணும்னு ஆசை. அதுல வர்ற வெதை தூசியாட்டம் இருக்கும், தும்மினா பறந்துடும். அதைச் சட்டியில மொளைக்க வெச்சு, நட்டு வளத்து, இது சாயுது, இதுல சாறு இல்ல, இது நோவுல படுக்குதுன்னு கழிச்சுக்கிட்டே வருவாங்க. ஆயிரத்துல ஒண்ணு தேறாது. ஒரு ரகம் குடியானவன் கொல்லைக்கு வர்றதுக்குள்ள இங்க ஒரு புள்ளை பொறந்து பத்தாவது பரிச்சை எழுதிடும்.

இதையெல்லாம் பாக்கறவங்க எங்க டாக்டரம்மா, சுகுணான்னு பேரு. டாக்டர்னா ஆஸ்பத்திரி டாக்டரு இல்ல, படிச்சு வாங்கற டாக்டரு. ஆனா ஊசியும் போடுவாங்க. அதை அப்பறம் சொல்றேன். அதுலதான் எல்லாமே கெடக்குது.

எம் பொண்ணு பேரு அஞ்சலாட்சி. ஒரே பொண்ணு, ஆயி இல்லாத பொண்ணு. அவளைக் குடுத்த எடம் பெரிய எடம். சம்பந்தி தெய்வசிகாமணின்னா அந்த ஊருல மறுபேச்சு கெடையாது. கண்ணு போற தூரம் அவரு கரும்புதான். வாட்ச்மேன் வூட்டுல பொண்ணு எடுக்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்தா? மாப்ளை ஞானவேலு ஆசைப்பட்டாரு, அப்பன்காரரு சரின்னுட்டாரு. நகை எவ்வளவு, வண்டி எதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. "பொண்ணை அனுப்புங்க சம்பந்தி, போதும்"னாரு.

எல்லாரும் என்னைய அதிர்ஷ்டக்காரன்னாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். அப்பறம்தான் தெரிஞ்சுது, ஒண்ணுமே கேக்காதவங்க முன்னால நிக்கறது எம்மாம் கஷ்டம்னு. கேட்டிருந்தா எதையாவது வித்துக் குடுத்துட்டு நிமுந்து நின்னிருப்பேன். கேக்கல. அதனால அந்த வூட்டு வாசப்படி ஏறறப்பெல்லாம் எனக்கு முதுகு வளையும். அவங்க வளைக்கச் சொல்லல தம்பி. அதுவா வளையும்.

கல்யாணமான வருசம் ஆடிக்குப் பொண்ணை அழைச்சாரப் போனேன். அப்பத்தான் சம்பந்தி மொத மொதல்ல எங்கிட்ட ஒண்ணு கேட்டாரு. கொல்லைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. கரும்பெல்லாம் தோகை பழுத்து, மேல காஞ்சு நின்னுது. ஒண்ணை ஒடிச்சு, கத்தியால நீளவாக்குல பொளந்து காட்டுனாரு. உள்ள செக்கச்செவேல்னு இருந்துது, நடுநடுவுல வெள்ளைத் திட்டு. செவ்வழுகல் நோவு. கரும்புக்கு அதுதான் எமன். "மோந்து பாருங்க சம்பந்தி, சாராய வாடை அடிக்குது"ன்னு மூக்குகிட்ட நீட்டுனாரு. நானும் மோந்து பாத்துட்டு, ஆமா ஆமான்னேன். எனக்கு எங்க தெரிஞ்சுது? மரியாதைக்குச் சொன்னேன்.

"நீங்க அங்கயே இருக்கீங்களே, இந்த நோவைத் தாங்கற ரகம் எதுனா வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னாரு.

சொல்லுங்கன்னுதான் கேட்டாரு, குடுங்கன்னு கேக்கல. அதை இப்ப எம் பொண்ணே எனக்குச் சொல்லிக் காட்டறா. நீங்க சொல்லுங்க தம்பி, அம்மாம் பெரிய மனுசன் மொத தடவையா வாயைத் தொறந்து எங்கிட்ட ஒண்ணு கேக்கறாரு. அதுக்கு நான் போயி வார்த்தையையா குடுக்கறது?

டாக்டரம்மாகிட்ட கேட்டேன். "இன்னும் ஒண்ணும் தேறல வைத்திலிங்கம். தேறினா ஆலை மூலமா நாங்களே குடுப்போம். அதுவரைக்கும் இங்கேருந்து ஒரு கரணை வெளிய போகக்கூடாது"ன்னாங்க. எப்பம்மா தேறும்னேன். ரெண்டு வருஷமோ மூணு வருஷமோன்னாங்க. படிச்சவங்களுக்கு மூணு வருஷம்னா மூணு நாளு மாதிரி. சம்பந்தி வூட்டுல இருக்கற எம் பொண்ணுக்கு அப்படியா?

ஆவணி பொறந்துது. பண்ணைக்கு நர்சம்மா வந்து எங்க அத்தினி பேருக்கும் கொரோனா ஊசி போட்டாங்க. வேப்பமரத்தடியில சேர் போட்டு வரிசையில நிக்க வெச்சாங்க. எனக்கு ஊசின்னா பயம், வரிசையில பின்னாலயே போய்க்கிட்டிருந்தேன். டாக்டரம்மாதான் பக்கத்துல நின்னு தைரியம் சொன்னாங்க. "ஒண்ணுமில்ல வைத்திலிங்கம், ஒடம்புக்குள்ள உங்களை மாதிரியே ஒரு வாட்ச்மேன் வெக்கிறாங்க, அவ்வளவுதான்"னாங்க. எம்மாம் அழகா சொன்னாங்க பாருங்க. அப்படியே மனசுல ஒக்காந்துடுச்சு.

அடுத்த வாரமே பாக்கறேன், அந்தம்மா கரும்புக்கு ஊசி போடறாங்க!

ஆமா தம்பி, கரும்புக்கு. மேக்கால ஒரு கொல்லை, தனியா வேலி போட்டு வெச்சிருப்பாங்க. அங்க ஒவ்வொரு கரும்பா புடிச்சு, ஒரு கணுவுக்கு மேல சின்னதா ஓட்டை போட்டு, சீசாவுலேர்ந்து தண்ணியாட்டம் எதையோ ஊசியில உறிஞ்சி உள்ள வுட்டு, அந்த ஓட்டையைக் களிமண்ணால பூசுனாங்க. கையில ஒறை மாட்டிக்கிட்டு, கொழந்தைக்குப் போடற மாதிரி பாத்துப் பாத்து. லேப்புல வேலை பாக்கற பழமலை பின்னாலயே சீசாவைத் தூக்கிக்கிட்டுப் போனான். எனக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சு. மனுசனுக்குக் காவல் வெச்ச கையோட கரும்புக்கும் காவல் வெக்கறாங்க! இன்னும் தேறலன்னு எங்கிட்ட சொன்னது சும்மா, தேறிப்போச்சு, கவர்மெண்டு ஆர்டருக்காகக் காத்துக்கிட்டிருக்காங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன்.

கேக்கலையான்னா? எதுக்குக் கேக்கணும்? கண்ணால பாக்கறேனே.

வேலியில 'அனுமதி இல்லை'ன்னு போர்டு தொங்குது, இல்லன்னு சொல்லல. வருசா வருசம் அதுக்குப் பெயிண்ட் அடிக்கிறவனே நான்தான். அது வெளியாளுக்கு. நான் வெளியாளா?

ஞாயித்துக்கிழமை மத்தியானம், பண்ணையில ஈ காக்கா இல்ல. உள்ள போயி நின்னேன். அதுல ஒரு வரிசைக் கரும்பு, ஒரு வரின்னு சொல்லுவோம், இருந்துது தம்பி, பாத்தாலே கண்ணு நெறையும். ஒவ்வொண்ணும் என் மணிக்கட்டு மொத்தம், மொழுமொழுன்னு மெழுகு பூசினாப்ல நின்னுது. அதைத்தான் எடுத்தேன். களிமண்ணு பூசுன கணுவை ஒண்ணுகூட வுடாம பாத்துப் பாத்து நறுக்கி எடுத்தேன். மருந்து அங்கதானே இருக்குது?

சம்பந்தி ரெண்டு கையால வாங்குனாரு. "பண்ணையில குடுத்தாங்களா?"ன்னாரு. குடுத்தாங்கன்னேன். நான் பண்ணையில இருக்கறவன், நான் குடுத்தா பண்ணை குடுத்த மாதிரிதானே. நோவு கெடந்த மண்ணு வேணாம்னு போர் செட்டுகிட்ட புதுசா ஒரு துண்டு உழுது, அவரே எறங்கி நட்டாரு. அன்னிக்குத்தான் தம்பி அந்த வூட்டுல நான் நிமுந்து ஒக்காந்து சாப்ட்டேன். அஞ்சலாட்சி எனக்கு மறுசோறு போட்டா. அவ மொகத்துல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

ஆங், நவுருது, நவுருது. இதோ ஆலை கேட்டு. இந்த வளைவு தாண்டினா வாடை போயிடும், நீங்க மூக்குலேர்ந்து கையை எடுத்துடலாம்.

பாதிதான் மொளைச்சுது. புது மண்ணு, பழகணும்னேன். மொளைச்சது இருக்குது பாருங்க, அம்மாம் அழகு. ரோட்டுல போறவன் வண்டியை நிறுத்திட்டுப் பாப்பான். மறு வருசம் அதுலேர்ந்து வெதை எடுத்து அவரு கொல்லை முச்சூடும் நட்டாரு. அக்கம்பக்கத்துல கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தாரு. வெதைக்கரும்பு கேட்டா இல்லன்னு சொல்லற பழக்கம் அந்த வூட்டுல கெடையாது. இது என்ன ரகம்னு கேட்டா அவரு என்னத்தைச் சொல்லுவாரு? "சம்பந்தி கொண்டாந்து குடுத்தது"ன்னாரு. அதுவே பேராயிடுச்சு. சம்பந்திக் கரும்பு. ஒரு ஊரே என்னைய வெச்சுக் கரும்புக்குப் பேரு கூப்புடுது! டாக்டரம்மா அம்மாம் படிச்சவங்க, அவங்க ரகத்துக்கெல்லாம் நம்பருதான். எனக்குப் பேரு.

அந்த ஒரு வருசம் நான் வெள்ளையங்குப்பத்துல ராஜா தம்பி. பஸ்ஸை வுட்டு எறங்கினா டீக்கடையில எழுந்து எடம் குடுப்பாங்க. காது குத்துக்குப் போனா மொத சேரு எனக்கு. "சம்பந்தி, மேலுரம் எப்பப் போடறது, காஞ்ச சோகையை எப்ப உரிக்கறது"ன்னு எங்கிட்ட கேப்பாங்க. நானும் சொல்லுவேன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவேன், தெரியாததையும் சொல்லுவேன்.

அடுத்த ஐப்பசி மழையில ஆரம்பிச்சுது.

மொதல்ல போர் செட்டுகிட்ட. நடுத்தோகை பழுத்துது. வெயில்னேன். அப்பறம் கரும்பு சுருங்கிக் காஞ்சுது. எலி கடிச்சிருக்கும்னேன். மழைத்தண்ணி எந்தெந்த வாய்க்கால்ல ஓடுச்சோ அந்தந்தக் கொல்லைக்கெல்லாம் அது போச்சு. தைக்கு வெட்ட வேண்டிய கரும்பு, கார்த்திகையில ஊரு முச்சூடும் காஞ்சு நிக்குது. ஆலைக்காரங்க வந்து பாத்துட்டு எங்க பண்ணைக்குச் சொல்லிவுட்டாங்க. டாக்டரம்மா ஜீப்புல கெளம்புனாங்க. "உங்க பொண்ணு ஊருதானே, வழி காட்டுங்க"ன்னு என்னையும் ஏத்திக்கிட்டாங்க. எறங்கி ஓடிடலாமான்னு இருந்துது. ஓடற ஜீப்புலேர்ந்து எங்க எறங்கறது?

சம்பந்தி கொல்லையில ஊரே கூடி நின்னுது. அந்தம்மா ஒரு கரும்பை ஒடிச்சுப் பொளந்தாங்க. செக்கச்செவேல். சுத்தி நின்ன அத்தினி பேரும் துண்டாலயும் முந்தானையாலயும் மூக்கை மூடுனாங்க. நான் மட்டும் கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னேன். அந்தம்மா தோலைத் தடவிப் பாத்தாங்க, கணுவைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. மொகம் மாறிப்போச்சு.

"இது நாங்க வெளிய விட்ட ரகமே இல்லையே. இதுக்கு என்ன பேரு சொல்றீங்க?"

கூட்டத்துல ஒருத்தன், "சம்பந்திக் கரும்புங்க"ன்னான்.

"எங்கேருந்து வந்துது?"

சம்பந்தி என்னைய ஒரு தடவ நிமுந்து பாத்தாரு. கோவமா இருந்தாகூட தாங்கியிருப்பேன், கோவம் இல்ல. டாக்டரம்மா பக்கம் திரும்பி, "சந்தையில ஒரு வியாபாரிகிட்ட வாங்குனதுங்க. ஆளு யாருன்னு தெரியாது"ன்னாரு.

ஊரே நிக்குது தம்பி. அத்தினி பேருக்கும் தெரியும். அவரு சொன்னதுக்கு மறுபேச்சு பேசாம அத்தினி பேரும் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. என் வேலை போயிடக்கூடாதுன்னு, அவ்வளவு கரும்பும் கெடந்து காயறப்ப அந்த மனுசன் பொய் சொன்னாரு. நான் சொல்லியிருக்கலாம்கிறீங்களா? சொல்லியிருக்கலாம். வாய் வரல. அஞ்சலாட்சி போர் செட்டுகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. என்னையப் பாக்கல, தொட்டித் தண்ணியையே பாத்துக்கிட்டு நின்னா.

திரும்பி வர்றப்ப டாக்டரம்மா, "எந்த ஊரு சந்தையில கரும்புக் கரணை விக்கறாங்க?"ன்னு டிரைவரைக் கேட்டாங்க. அவன் தெரியாதுன்னான். அவ்வளவுதான்.

தூரோட பேத்துக் கொளுத்திடணும், கொஞ்ச வருசத்துக்கு அங்க கரும்பு வெக்கக்கூடாது, நெல்லு போடுங்கன்னு ஆலையில சொல்லிட்டாங்க. நான் லீவு போட்டுட்டுப் போனேன், கூட நின்னு ஒதவலாம்னு. சம்பந்திதான் தீ வெச்சாரு. கரும்புச் சோகை எப்படி எரியும் தெரியுமா, படபடன்னு. எல்லாரும் இருமிக்கிட்டு ஓடுனாங்க. எனக்குப் பொகை வாடைகூட தெரியல. நான் ஒருத்தன்தான் அசையாம நின்னேன். அதைப் பாத்துட்டு யாரோ, "இவருக்கு மனசே இல்லப்பா"ன்னது காதுல வுழுந்துது.

அன்னிக்குத்தான் டீக்கடையில ஒக்காந்திருந்தேன். யாரும் எழுந்து எடம் குடுக்கல, நானே ஒரு ஓரமா ஒக்காந்தேன். பின்னால ரெண்டு பேரு பேசிக்கறாங்க. "உன் கொல்லைக்குச் சம்பந்தி வந்துட்டாரா?"ன்னு ஒருத்தன் கேக்கறான். "நேத்துதான் வந்தாரு, கெழக்கு மூலையில நுழைஞ்சிருக்காரு"ன்னு இன்னொருத்தன் சொல்றான். நான் வரலையேன்னு திரும்புனேன். அவங்க என்னையப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டாங்க. அப்பத்தான் புரிஞ்சுது. நோவுக்கு அந்தப் பேரை வெச்சுட்டாங்க தம்பி. மழை பெஞ்சா, "சம்பந்தி வராம இருக்கணும்"னு பேசிக்கறாங்களாம். அந்த ஊருல எம் பொண்ணு குடியிருக்கா.

பழமலைகிட்ட போயி, அந்தச் சீசாவுல என்னடா இருந்துதுன்னு கேட்டேன். சும்மா கேக்கற மாதிரிதான் கேட்டேன்.

"நோவுதான்"னான்.

நோவுக்கு மருந்தான்னேன்.

"மருந்தெல்லாம் ஏதுண்ணே? நோவேதான். நோவை உள்ள வுட்டுப் பாத்தாதானே எது தாங்குது, எது சாவுதுன்னு தெரியும்? அந்தக் குண்டுக் கரும்பு மொத ஆளா சாவும். எவ்வளவு சீக்கிரம் சாவுதுன்னு ஒப்புப் பாக்கத்தான் அதை நடறதே"ன்னு சொல்லிட்டு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

நல்லா இருக்கற கரும்புக்கு ஊசியில நோவை ஏத்தறவங்களை எங்கயாவது பாத்திருக்கீங்களா? அதுவும் டாக்டரு! சாவறதுக்குன்னே ஒண்ணை நடறதுன்னா, அதை எதுக்கு அம்மாம் அழகா வளக்கணும்? ஒரு போர்டு வெச்சா என்ன? 'அனுமதி இல்லை'ன்னு எழுதத் தெரியுது, 'நோவு'ன்னு எழுதத் தெரியாதா? நான்தானே பெயிண்ட் அடிக்கிறேன், சொன்னா நானே எழுதியிருப்பேனே. தப்பு யாரு மேல, சொல்லுங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க.

சம்பந்தி வூட்டுல ஒருத்தரும் அவளை ஒரு வார்த்தை திட்டலையாம். போன்ல கேட்டேன். "திட்டலப்பா. பேசறதே இல்ல. சோறு போட்டா சாப்புடறாங்க, எழுந்து போறாங்க. அவரும் கொல்லையிலயே படுத்துக்கறாரு"ன்னா. மாப்ளையைத்தான் சொல்றா. திட்டலன்னா நல்லதுதானேம்மான்னேன். அப்பறம் சொன்னா, "அப்பா, நீங்க இங்க வர்றதா இருந்தா வெறுங்கையோட வாங்க. இல்லன்னா வராதீங்க."

பொண்ணு குடுத்த வூட்டுக்கு வெறுங்கையோட எவனாவது போவானா? அப்பனுக்குச் செலவு வெக்கக்கூடாதுன்னு சொல்றா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். திருவிழாவுல வளையல் வாங்கித் தரேன்னா, எனக்கு வேணாம்ப்பா கை உறுத்தும்பா.

அந்த மனுசன் என் வேலையைக் காப்பாத்திக் குடுத்தாரு. பொண்ணு எடுத்தப்பவும் ஒண்ணும் கேக்கல, இதுக்கும் ஒண்ணும் கேக்கல. நான் எத்தினி நாளு வளைஞ்சு நிக்கறது? என்னையால அவருக்குக் குடுக்க முடிஞ்சது இந்த ஒலகத்துல ஒண்ணே ஒண்ணுதான்.

போன மாசம் மேக்கால கொல்லையில டாக்டரம்மா ஒரு வரிகிட்ட நின்னு அழுதாங்க. சந்தோசத்துல. ரெண்டு வருசமா ஊசி போட்டும் அது சாவலையாம். "தாங்கிடுச்சு பழமலை, இது தாங்கிடுச்சு"ன்னு சொல்லி, அந்த வரிக்கு மஞ்சத் துணி கட்டுனாங்க. தூருக்குத் தூரு கரும்பு எண்ணிக்கை ஜாஸ்தியாம், எடையும் நிக்குமாம், குடியானவனுக்கு நல்லதாம். அடுத்ததா ஊரு ஊரா நட்டுப் பாக்கணுமாம். நான் கேட்டுல இருந்துக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். இந்தத் தடவ ஊசி போட்டும் சாவாத கரும்பு. இப்ப எனக்கு எல்லாம் தெரியும், பாருங்க. இனிமே என்னைய யாரும் ஏமாத்த முடியாது.

நேத்து ஞாயித்துக்கிழமை. போயி நின்னேன், மஞ்சத் துணிகிட்ட. தம்பி, அந்தக் கரும்பைப் பாக்கணுமே. ஒல்லி. வெரலு மொத்தம். கறுத்துப்போயி, சோகை ஒட்டிக்கிட்டு, தோலு பொரிஞ்சு, சீக்காளி கணக்கா நிக்குது. இதை எடுத்துக்கிட்டு அந்த வூட்டு வாசல்ல போயி எப்படி நிக்கறது? ஏற்கெனவே தலை குனிஞ்சு கெடக்கற பொண்ணு, அப்பன் சோனிக் கரும்பைத் தூக்கிக்கிட்டு வந்தான்னு இன்னும் குனியணுமா? மனசு வரல.

பக்கத்து வரி நல்லா இருந்துது. ஒரே வேலிக்குள்ள, ஒரே தண்ணி குடிச்சு வளந்தது. அண்ணன் தாங்கினா தம்பி தாங்க மாட்டானா? துணி கட்டறப்பகூட அவசரத்துல ஒரு வரி தள்ளிக் கட்டியிருப்பாங்க, யாரு கண்டா. மொழுமொழுன்னு நல்ல மொத்தம். தோகை ரெண்டொண்ணு பழுத்திருந்துது, அது வெயிலு. நறுக்கறப்ப வெட்டுவாயில லேசா செவப்பு தெரிஞ்சுது, வெட்டுன எடத்துல காத்துப் பட்டா எந்தக் கரும்பும் செவக்கத்தான் செய்யும். ஒரு சாக்கு கட்டுனேன். போர் செட்டுகிட்ட ஒரு ஓரமா நட்டா ஆலைக்காரனுக்கு என்ன தெரியப்போவுது? தைக்குத் தை ஒரு வருசம், அவரு கொல்லை மறுபடியும் பச்சையா நிக்கும். மறுபடியும் அந்த டீக்கடையில...

சரி வுடுங்க.

ஊரு வந்துடுச்சு. அதோ, வேப்பமரம் தெரியுது பாருங்க, அதுதான் ஸ்டாப்பிங். இந்தச் சாக்கைக் கொஞ்சம் தலையில தூக்கி வுட்டுடுங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

என்ன தம்பி, இன்னும் மூக்கைப் பொத்திக்கிட்டிருக்கீங்க? ஆலை தாண்டி எம்மாம் தூரம் வந்துட்டோம். நீங்கதான் புது ஆளுன்னா, முன் சீட்டு அம்மாவும் முந்தானையால பொத்திக்கிட்டு இங்கயே திரும்பித் திரும்பிப் பாக்குது. எதுனா வாடை வருதா? எங்கேர்ந்து வருது?

வேணாம். சொல்லாதீங்க. கையெடுத்துக் கும்புடறேன், சொல்லாதீங்க.

தூக்கி வுடுங்க, வண்டியை எடுத்துடுவான். ஒத்தக் கையால ஆவாது தம்பி, மூக்குலேர்ந்து கையை எடுங்க.